துருத்திக்குப் பின்னால் மூன்று பெயர்கள்

குன்னூர்

அன்புள்ள தாமஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். மூன்று வாரமாக, துருத்திக் காற்றில் குழல்கள் பாடும் நம் கோவில் ஆர்கனோடுதான் குடித்தனம்.

போன திங்கட்கிழமை டார்ச்சும் கையுமாக அதன் வயிற்றுக்குள் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வால்வுகளில் ஒட்டியிருக்கும் தோல் விரல் பட்டதும் செந்தூளாக உதிர்கிறது. ஒரு சாவியை அழுத்தினால் பக்கத்துக் குழலும் சேர்ந்து முனகுகிறது. குழல்களை முகப்பு அழகுக்கு வைத்துக்கொண்டு உள்ளே கீபோர்டைப் பொருத்திவிடலாம் என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் பேச்சு. செலவு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் அது ஆர்கனா, அலமாரியா?

உனக்குச் சொன்னேனா, சில வருடங்களுக்கு முன் நடந்ததை? ஒரு ஜனவரி காலை ஆராதனையில் கீபோர்டும் ஆர்கனும் சேரவில்லை. சரிசெய்ய வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் சுருதியை ஏற்றுகிறேன் என்று குழல்களின் தலையை வெட்டிவிட்டார். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். 10 டிகிரி குறைந்தால் சாதாரணக் குழலின் சுருதி அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இறங்கிவிடும். வெயில் வந்தால் தானாக ஏறிக்கொள்ளும். ஏப்ரலில் ஏறியது, வெட்டுப்பட்டவை மட்டும் மற்றவற்றையும் தாண்டி. பன்னிரண்டு குழல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டின ஈயத்தை யார் ஒட்டுவது?

அதனால் இந்த முறை கமிட்டியில் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் கோவிலின் மூங்கில் ஆர்கன் கதையைச் சொன்னேன். தியேகோ செரா என்ற பாதிரியார் 1824-ல் முடித்தது. பூச்சி அரிக்காதிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்துவைத்து எடுத்தாராம். 1031 குழலில் 902 மூங்கில். பூகம்பம், புயல் எல்லாம் பட்டு நொந்துபோனதை 1973-ல் கழற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1975-ல் மூங்கில் ஆர்கனாகவே ஊர் திரும்பியது. நம்முடையதற்குத் தோலும் பசையும் போதுமே என்றேன். ஒருவழியாகச் சம்மதித்தார்கள்.

பசைக்கே ஒரு சண்டை. தச்சர் வெள்ளைப் பசை டப்பாவோடு வந்தார். திருப்பி அனுப்பி, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை வாங்கிவரச் சொன்னேன். வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினால் நாற்றம் தாங்காது, ஆனால் ஐம்பது வருடம் கழித்து ஒருவன் ஈரத்துணியும் சூடும் வைத்தால் தோல் சேதமில்லாமல் உரிந்து வரும். வெள்ளைப் பசையில் ஒட்டினால் மரத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

மின்சார மோட்டார் இருந்தாலும் பழைய துருத்திக் கம்பை எடுக்கவிடவில்லை. இங்கே கரண்ட் போவது உனக்குத் தெரியாததா? காற்றின் அளவு காட்டும் ஈயக் குண்டும் நூலில் அப்படியே தொங்குகிறது. துருத்தி அடிக்க வேண்டிய நாம் பிரசங்கத்தில் தூங்கிப்போய், பாமாலை தொடங்கியதும் ஆர்கன் பெருமூச்சு விட்டுப் படுத்ததே, அந்தக் குண்டேதான்.

துருத்திக்குப் பின்னால் பலகையில் நாம் ஆணியால் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. தேய்த்து வார்னிஷ் அடிக்கிறேன் என்ற தச்சரைத் தடுத்துவிட்டேன். உன் பெயர், என் பெயர், கீழே மூன்றாவதாக ஒன்று, பாதி மறைந்து 'ஜெ' மட்டும் தெரிகிறது. ஜெயராஜா, ஜெபமணியா? நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
டேவிட்