எடை குறைக்கச் சீன மருத்துவரை நாடும் தமிழர்களுக்குத் தமிழில் உணவுக் குறிப்பு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பதற்காகப் பாரம்பரிய சீன மருத்துவரிடம் செல்லும் தமிழர்கள் என் உறவினரிலும் அக்கம்பக்கத்திலும் பலர் இருக்கிறார்கள். சின்சே எனப்படும் அந்த மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நிதானமாகக் கேட்கிறார். அந்த நிதானமே நம்மவரை அவரிடம் ஈர்க்கிறது. சிங்கப்பூரில் இது புதிதும் அல்ல. 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இன, சமய வேறுபாடின்றி இலவச சிகிச்சை வழங்கும் மரபைக் கொண்டது. ஆயினும், இந்த சிகிச்சையில் மிகவும் பயன் தரக்கூடிய பகுதி நம் சமையலறை வரை வந்து சேருவதில்லை என்பதே என் கவலை.

செரிமானத்தை மண்ணீரல் நடத்துகிறது என்றும், அது வலுவிழப்பதாலும் அதனால் உடலில் ஈரமும் சளியும் தேங்குவதாலும் பருமன் உண்டாகிறது என்றும் சீன மருத்துவம் பெரும்பாலும் விளக்குகிறது. கபம் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மூலிகைகளோடு வயிற்றிலும் கால்களிலும் அக்குபங்சர் ஊசி போடுவார்கள். சிலருக்குக் காதிலும் சிகிச்சை உண்டு. என் கணவரின் காதில் மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகளைத் தோல் நிறப் பிளாஸ்டர் துண்டுகளால் ஒட்டி, சாப்பிட உட்காரும் முன் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தும் அந்த ஒரு நிமிடத்தில், இது பசியா அல்லது வெறும் பழக்கமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளத் தொடங்கினார். விதையைவிட அந்தக் கேள்விதான் அதிகம் உதவியது என்பது என் எண்ணம். ஊசி, காது சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளில் பல சிறிய அளவில் நடந்தவை, அவற்றில் தெரிந்த எடைக் குறைவும் மிதமானதே. எனவே சின்சே சொல்லும் உணவு, உறக்கம், நடை பற்றிய அறிவுரையைத்தான் சிகிச்சையின் மையமாகக் கொள்ள வேண்டும்.

அந்த அறிவுரை எங்களுக்குச் சீன மொழியில் மட்டுமே அச்சிட்ட ஒரு தாளில் கிடைத்தது. என்னுடன் வேலை செய்யும் சீனத் தோழி அதைப் படித்துச் சொன்னார். இரவு உணவை முன்கூட்டியே முடிக்கவும், ஐஸ் போட்ட பானங்களைத் தவிர்க்கவும், பொரித்ததையும் இனிப்பையும் குறைக்கவும், தாமரை இலைத் தேநீர் அருந்தவும், காலையில் கஞ்சி குடிக்கவும் அதில் சொல்லியிருந்தது. நல்ல அறிவுரைதான். ஆனால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னி எவ்வளவு, இரவு வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருபவர் புரோட்டாவுக்குப் பதிலாக எதை உண்ணலாம், விரதம் முடிந்ததும் வடையும் பாயசமும் பரிமாறும் வீட்டில் என்ன செய்வது என்பதற்கெல்லாம் அதில் வழி இல்லை. நீரிழிவு உள்ளவர் குழைய வேகவைத்த வெள்ளரிசிக் கஞ்சியை நாள்தோறும் குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும் என்ற எச்சரிக்கையும் இல்லை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரைப் பொரியலும் பருப்பும் வைப்பது, காப்பிக் கடையில் இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்கை விட்டுவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்பது, சாப்பிட்ட பின் புளோக்கைச் சுற்றி நடப்பது எனக் குறிப்பு நம் வாழ்க்கையிலிருந்து எழுதப்பட்டிருந்தால் எங்கள் வீட்டில் அன்றே தொடங்கியிருப்போம்.

மொழி புரியாததால், உட்கொள்வது எந்த மருந்து என்றே தெரியாமல் போகும் வேறோர் ஆபத்தும் உண்டு. 2002இல் ‘ஸ்லிம் 10’ என்ற எடைக் குறைப்பு மாத்திரையால் இங்கே சிலரின் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதயத்திற்கு ஆபத்தானது என்று 2010இல் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட, பசியைக் குறைக்கும் மருந்தான சிபுட்ரமின், ‘முற்றிலும் மூலிகை’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் பொருள்களில் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் எடைக் குறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சரியான மூலிகையும் எல்லாருக்கும் பொருந்தாது: மா ஹுவாங் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டாலும் அப்படியே, டான்ஷென் என்ற மூலிகை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு மோதும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் மட்டும் செல்வதும், அவர் தரும் மருந்தின் பெயரைப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டுவதும் இன்றியமையாதவை. ஆனால் தாளில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் எதைக் காட்டுவார்?

சிங்கப்பூரில் உடற்பருமன் உள்ளோரின் விகிதம் 2019-2020இல் 10.5 விழுக்காட்டிலிருந்து 2021-2022இல் 11.6 விழுக்காடானது, சீனர்களைவிட இந்தியர்களிடையே இது அதிகம். உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் எடைக் குறியீடு ஆசியர்களுக்கு 23 ஆனதுமே நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தொட்டால் அபாயம் மிக அதிகம். எனவே சுகாதார மேம்பாட்டு வாரியமும் சீன மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து, நம் உணவு வகைகளை அறிந்த உணவியல் வல்லுநர்களின் துணையோடு, எளிய தமிழில் ஓர் உணவுக் குறிப்பைத் தயாரித்துச் சீன மருந்தகங்களில் வைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துச் சீட்டில் மூலிகைகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதித் தருவதற்குப் புதிய செலவு ஏதும் ஆகாது. அதை உடனே தொடங்கலாம். குறிப்பைச் சமைத்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல, எங்கள் வட்டார சமூக மன்றத்தின் சமையல் வகுப்புக்கு வரும் பெண்கள் ஆர்வமாக உள்ளனர்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்