பத்து ரூபாய் பாக்கி

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் எல்லோருக்கும், ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் காத்திருந்த என் வாடிக்கையாளர்களுக்கும் டெய்லர் அக்கா எழுதுவது.

நேற்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.1 சதவீதம். ஆடியில் அது 10.4 ஆக இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் சீட்டை எடுத்துப் படித்தீர்கள், அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். சர்க்கரைக்காரிக்கு ஹார்லிக்ஸ்! சரி, அன்புதானே. குண்டூசி குத்திக் காலில் புண்ணான அந்தக் கதையை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. கால் விரல் பத்தும் என்னிடமே இருக்கின்றன, அது போதும். ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கட்டு மாற்றும்போது நான் கத்திய கத்தலை எல்லாம் பொறுத்துக்கொண்ட சிஸ்டர். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வழியாக மாதம் தவறாமல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து, பிரஷர் பார்த்து, 'அக்கா, ராத்திரி கால் பாத்தீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போகும் பெண். சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை என் பாதத்துக்கு மூன்று முறை அளவெடுத்துத் திருத்திக் கொடுத்தவர். அந்தச் செருப்போடு கோவில் வாசல்வரை மட்டும் வந்துவிட்டுத் திரும்பும் என்னைக் குறை சொல்லாத மாமியார். (இனி வெறுங்காலோடு ஒரு அடியும் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.) ஐம்பத்து நாலு வயதில் காபி போடக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரர். இவர்கள் எல்லோருக்கும் நேரில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

ஒருவருக்கு மட்டும் நேரில் சொல்ல முடியவில்லை. சொன்னால் 'அட போங்கக்கா' என்று கேனைத் திறக்கப் போய்விடுவார். அவர் மாரியம்மன் கோவில் பக்கம் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் மூன்று சில்வர் கேன் கட்டி வைத்து விற்கும் சூப்புக்காரத் தம்பி.

புண் ஆறி, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னது கார்த்திகையில். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது தினம் அரை மணி என்று ஐந்து நாள். கேட்கும்போது கொஞ்சமாகத்தான் தெரிந்தது. குளத்தைச் சுற்றி ஒரு நடை ஒன்றேகால் கிலோமீட்டர் போல வரும். முதல் வாரம் அரைச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம் இவ்வளவு பெரிதாக ஏன் வெட்டினார் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வருடத்தில் பாதி நாள் அது காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிற்கிறது. அந்தக் காற்றுக்காகவே மெல்ல மெல்ல ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று போனேன்.

ஒரு மண்டலம் விடாமல் நடந்தால் உடம்புக்குப் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் காலண்டரில் 48 நாளுக்குப் பெருக்கல் குறி போட ஆரம்பித்தேன். நாற்பத்தோராம் நாளோடு நின்றது. பொங்கல் வேலை. தையற்காரி வீட்டு மார்கழி எப்படி இருக்கும் என்று தையற்காரிக்குத்தான் தெரியும். ராத்திரி ஒரு மணிவரை மிஷின் ஓடுகிறது, காலை ஐந்தரைக்கு எழுந்திரு என்றால் யார் எழுந்திருப்பது? ஒரு நாள் விட்டேன், அப்புறம் மூன்று நாள். அதற்கப்புறம் வேலை காரணமே இல்லை, வெட்கம்தான் காரணம். மண்டலம் உடைந்துவிட்டது, இனி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்ற சலிப்பு வேறு. மாலை போட்டவர் பாதியில் கழற்றினால் எப்படி ஒளிந்து நடப்பாரோ அப்படி நடந்தேன்.

தெருவில் பார்த்தவர்கள் 'என்னக்கா, ஆளையே காணோம், வாக்கிங் அவ்வளவுதானா?' என்று கேட்டீர்கள். அக்கறையில் கேட்டதுதான். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்.

இதில் இன்னொரு விஷயம், சூப்புக்காரத் தம்பிக்கு முப்பது ரூபாய் பாக்கி. நடக்கப் போகும்போது பர்ஸ் எடுத்துப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. இருபது ரூபாய் சூப்புக்குக் கையில் இருக்கிற சில்லறையைக் கொடுத்து, மீதி நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று குடித்ததில் சேர்ந்த பாக்கி. அந்த முப்பது ரூபாய்க்குப் பயந்து மார்க்கெட்டுக்குப் போகும்போதுகூடக் குளத்துப் பக்கம் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கே இருபது ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள், முப்பது ரூபாய்க்கு!

தெப்பத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், மொத்தம் 34 நாள் கழித்து, ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். நடக்கப் போகவில்லை. கடனைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரத்தான் போனேன்.

தம்பி என்னைப் பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்றும் கேட்கவில்லை. முந்தின நாள்தான் பார்த்த மாதிரி டம்ளரை எடுத்து, முருங்கைக்கீரை சூப்பை ஊற்றி, மிளகுத்தூள் தூவி நீட்டினார். குடித்துவிட்டு நோட்டைக் கொடுத்தேன். பழைய பாக்கி முப்பது, இன்றைக்கு இருபது, கணக்கு சரியாக இருந்தது. அவர் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் திருப்பி என் கையில் வைத்தார்.

'இது எதுக்கு தம்பி? சரியாப் போச்சே.'

'காலங்காத்தால கணக்கை முடிக்காதீங்கக்கா. பத்து ரூவா பாக்கி இருக்கட்டும். நாளைக்கு வருவீங்கல்ல.'

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து 'டெய்லர் அக்கா 10' என்று எழுதிக்கொண்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. நாணயத்தைக் கையில் பிடித்தபடி அன்றைக்கு ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நடக்க வந்தவள் இல்லை என்பதே பாதிச் சுற்றில்தான் ஞாபகம் வந்தது.

அன்று முதல் தினம் இருபது ரூபாய் கொடுக்கிறேன், பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. இரண்டு தடவை முழுசாகக் கொடுக்கப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்கிறார். ஒருநாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். 'மப்ளர் சார் 10', 'ரெண்டு நாய் அம்மா 10', 'புது மாப்பிள்ளை 10' என்று ஒரு பக்கம் முழுக்கப் பத்துப் பத்தாக இருக்கிறது. வீட்டில் சொன்னபோது, 'அது வியாபார தந்திரம்டி, உனக்கு மட்டும் சலுகைன்னு நெனச்சியா?' என்று வீட்டுக்காரர் சிரித்தார். இருக்கட்டுமே. இலவசமாகக் கிடைத்த புத்திமதி எதுவும் என்னை வாசற்படி தாண்ட வைக்கவில்லை, இந்தப் பத்து ரூபாய் வைத்தது.

ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நடையை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டேன். விரதம் ஒருநாள் முறிந்தால் முறிந்ததுதான். அந்தத் தம்பி அதைக் கடைக் கணக்காக மாற்றிவிட்டார். கடைக் கணக்கில் நடுவில் பத்து நாள் ஆள் வராவிட்டால் நோட்டைக் கிழித்துப் போடுவார்களா? கல்லூரியில் படிக்கும் என் மகள், லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற நடுத்தரமாக 66 நாள் ஆகிறதாம். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்றும் அதில் இருக்கிறது. எனக்கு இதை மார்கழியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் என் தொழிலிலேயே தெரிந்த விஷயம் இது. ஓடுகிற தையலில் நூல் அறுந்தால் ரவிக்கை முழுவதையுமா பிரிக்கிறேன்? அறுந்த இடத்துக்கு நாலு தையல் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி ஓட்டுகிறேன். வெளியே பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது.

சூப்பு குடித்துத்தான் சர்க்கரை இறங்கியது என்று யாரும் கிளப்பிவிடாதீர்கள். மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தவில்லை. ராத்திரிச் சோறு பாதியாகிவிட்டது, இனிப்புக் காபி போயே போய்விட்டது. ரத்தத்தின் சிவப்பணு 120 நாள் போல உயிரோடு இருக்குமாம். அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட்டில் பார்க்கிறார்கள். அதனால் முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. உடம்பும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேதான் வருகிறது.

எப்படித் தினமும் எழுந்து போகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு: மன உறுதி எல்லாம் ஒன்றும் இல்லை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறேன் இல்லையா, அப்போதே செருப்பை மாட்டிவிடுகிறேன். பாலை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே படி இறங்கிவிடுவேன். திரும்ப உள்ளே போனால் பாத்திரம் கூப்பிடும், மிஷின் கூப்பிடும், அன்றைக்கு நடை கிடையாது. மழை பெய்தால் மாடியில் பத்து நிமிடம். அதுவும் முடியாத நாள் உண்டு, போன மாதத்தில் நாலு நாள் அப்படிப் போனது. அப்படி விட்டுவிட்டு மறுபடி போனபோதும் தம்பி டம்ளரைத்தான் நீட்டினார், கேள்வி கேட்கவில்லை. நானும் இனி தெருவில் யாரையும் 'ஏன் காணோம்' என்று கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வந்தால் சேர்ந்து நடப்போம்.

தம்பியின் பெரிய கேனுக்குச் சூடு ஆறாமல் இருக்க ஒரு பஞ்சு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்டுத் துணிதான், ஆனால் உள்ளே இரண்டு மடிப்பு வைத்திருக்கிறேன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார். எவ்வளவு என்று கேட்பார். முப்பது ரூபாய் என்று சொல்லி, இருபதை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

ரவிக்கை பாக்கி இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கடை இனிமேல் ஏழரைக்கு முன்னால் திறக்காது. அவசரமானால் ஆறு மணிக்குக் குளத்துக்கு வாருங்கள், நடந்துகொண்டே அளவு சொல்லலாம்.

இப்படிக்கு,
டெய்லர் அக்கா
தெப்பக்குளம், மதுரை