அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெயரும் ஓட்டல் பெயரும் போடாமல்தான் எழுதுகிறேன். படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். மதுரையிலிருந்து வந்திருந்த நான் அப்பாவை உங்கள் ஓட்டலுக்குக் கூட்டி வந்தேன். கூரைக்கடையாக இருந்த காலத்திலேயே உங்கள் கடை அவருக்குப் பழக்கம். பாம்பன் தென்கடல் கரையில் அப்பாவின் வள்ளம் ஒதுங்கும்போது கூடையோடு காத்திருந்து மீன் எடுத்தவர் நீங்கள். அதைச் சொல்லிக்கொண்டேதான் படியேறினார்.

அன்று நல்ல கூட்டம். கோடை விடுமுறை, போதாததற்குப் புது ரயில் பாலம் பார்க்க வருகிறவர்கள் வேறு. இலை போடவே அரை மணி நேரம் ஆனது. அது பரவாயில்லை. மீன் விலை மட்டும் அட்டையில் இல்லை, கேட்டால் "சைஸைப் பொறுத்து" என்றார்கள். சரி, அதையும் விடுங்கள்.

"என்ன மீன் தம்பி?" என்று கேட்டார் அப்பா. "சீலா இருக்கு, காலையில வந்தது" என்றான் பரிமாறிய பையன். "வள்ளத்துலயா, போட்டுலயா?" "போட்டுலதான்."

அப்பா என்னைப் பார்த்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகு, அதாவது போட்டு, எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் வள்ளமும்தான் கடலுக்குப் போகும். காலையில் எந்தப் போட்டு வந்திருக்கும்? ஆனாலும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்கு ஊர் புதுசு, என்ன சொல்லச் சொன்னார்களோ அதைச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

வறுவல் வந்தது. மேலே மசாலா நல்ல சிவப்பு. அப்பா ஒரு விரலால் லேசாக அழுத்தினார். புது சீலா என்றால் சதை ஏடு ஏடாகப் பிரியும். இது பஞ்சு மாதிரி உதிர்ந்து, முள்ளோடு ஒட்டாமல் வந்தது. மோந்து பார்த்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடிதான் சொன்னார்: "தம்பி, இது ஐஸ் மீனுப்பா. ஐஸ் மீனுன்னே சொல்லிக் குடு. சாப்பிடாமயா போவோம்?"

அதற்குள் கல்லாவில் இருந்தவர் சத்தம் போட்டார். "பெருசு, பிடிக்கலன்னா எந்திரிங்க. வெளியில ஆளு நிக்குது. காசு குடுக்காமப் போறதுக்கு இதெல்லாம் ஒரு சாக்கு."

சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பாதிச் சோற்றோடு இலையை மூடினார், எப்போதும்போலத் தன் பக்கமாகத்தான் மடித்தார். நான் 1,140 ரூபாய் கட்டினேன். வண்டியில் வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு அம்மாவிடம் மட்டும், "காசு குடுக்க மாட்டேன்னு நெனச்சுட்டான்" என்றாராம்.

அண்ணே, ஐஸ் மீன் விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தடைக்காலத்தில் வள்ளத்து மீன் எவ்வளவு வரும், அது என்ன விலைக்குப் போகும் என்று எனக்கும் தெரியும். உங்களுக்கும் ஆள் கூலி, வாடகை எல்லாம் இருக்கிறது. பையன்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: ஐஸ் மீன் என்றால் ஐஸ் மீன் என்று சொல்லட்டும். வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட்டாலும் போதும். வெளியூர்க்காரர்களும் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடத்தான் செய்வார்கள்.

1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடு என்று தம்பி குதித்தான். நான்தான் வேண்டாம் என்றேன். பணம் திரும்பி வந்தால் தீருகிற விஷயமா இது? 40 வருஷம் கடலுக்குப் போன மனுஷனை, அவர் பிடித்த மீனை வாங்கி விற்ற கடையிலேயே, ஓசியில் சாப்பிட வந்தவர் மாதிரி பேசியிருக்கிறார்கள். அதை யாராவது சரி பண்ண வேண்டும். கல்லாவில் இருந்தவர் வர மாட்டார். நீங்கள் வரலாம்.

வீடு உங்களுக்குத் தெரியும். மாலை நாலு மணிக்கு மேல் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு வலை பொத்திக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
அவர் மகள்