பெட்டியில் 90 பாகை, உள்ளே 82 பாகை: கவுண்டர்சிங்க் பிட் பற்றிய முறைப்பாடு

வணக்கம். உங்களிடம் ஓடர் பண்ணி எடுத்த கவுண்டர்சிங்க் பிட் செட் பற்றித்தான் எழுதுகிறேன், போல்ட் தலை மட்டமாக உட்காரத் துளையின் வாயில் சரிவான குழி வெட்டுகிற பிட். பெட்டியில் கொட்டை எழுத்தில் சரிவுக் கோணம் 90 பாகை என்று இருக்கிறது, உள்ளே இருப்பது 82. போனில் கதைத்த உங்கள் ஆள் இதைக் காதிலேயே போடவில்லை, அதனால் எழுத்தில் தருகிறேன்.

நான் மருதமுனையில் கைத்தறி திருத்துகிறவன். நாடா, அதாவது ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடுகிற கட்டை, ஓடுகிற பலகை தேய்ந்துபோனால் அதன்மேல் அலுமினியப் பட்டை வைத்து போல்ட் போடுவேன். போல்ட் தலை மயிரிழை அளவு மேலே நின்றாலும் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) உரசி அறும், நாடாவும் தட்டுப்பட்டுத் துள்ளும். அப்போது நெய்கிறவர்கள் பிடிப்பது என்னைத்தான், உங்களை அல்ல.

நான் போடுவது எம்5 மில்லிமீட்டர் போல்ட், அதன் தலைச்சரிவு 90 பாகை. 82 என்பது அமெரிக்க அங்குலக் கணக்கு ஸ்குரூக்களுக்கு உரியது. இரண்டையும் சேர்த்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தலை மட்டமாகத்தான் உட்காரும், விரலால் தடவினாலும் தட்டுப்படாது, ஆனால் தலையின் மேல் விளிம்பு மட்டும்தான் குழியில் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே சுற்றிவர வெற்றிடம். பலகை நாள் முழுக்க அடித்து வர, அந்த விளிம்பு அலுமினியத்தில் மெல்ல மெல்லப் பதிந்து, பிடி இளகி, போல்ட் மேலே கிளம்புகிறது. பாதி நெய்த சேலையில் நூல் அறுந்தபிறகுதான் எனக்கே விளங்கியது.

சந்தேகம் என்றால் நீங்களே பாருங்கள். தலையின் அடிச்சரிவில் மார்க்கர் பூசி, குழியில் வைத்து முறுக்கிவிட்டுக் கழற்றுங்கள். பிட் சரியென்றால் சரிவு முழுக்க மை உரசியிருக்கும். உங்கள் பிட்டில் விளிம்போடு மெல்லிய வளையம் மட்டும் அழிந்திருக்கிறது, மற்ற இடம் பூசினபடியே கிடக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், பிட்டில் பாகைமானி வைத்து எடுத்ததும் சேர்த்து.

"இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்குங்கள்" என்றார் உங்கள் ஆள். ஆழமாகப் போனால் தலை பள்ளத்துக்குள் போகும், சரிவு மாறுமா? தச்சு வேலைக்காரர் யாரும் முறைப்பாடு தரவில்லையாம். எப்படித் தருவார்கள், மரம் தலைக்கு ஏற்ற மாதிரி நசுங்கி இடம் கொடுத்துவிடுமே.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். உண்மையான 90 பாகை செட் அனுப்புங்கள், இல்லையென்றால் பார்சல் கூலியோடு காசைத் திருப்பித் தாருங்கள். பழையதைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதுதான். மிச்சப் பெட்டிகளையும் அளந்து பார்த்து எழுத்தைத் திருத்திவிட்டு விற்கவும், 82 தேவைப்படுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், ஈமெயிலில் எழுதுங்கள்.