நிலைய வாசலோடு முடிந்துவிடும் பொறுப்பு: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும (கும்டா) அதிகாரிகளுக்கு வணக்கம்.

பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி 2025-இல் உங்கள் முயற்சியால் வந்தது. பயணச்சீட்டுகள் இணைந்துவிட்டன, ரயிலை விட்டு இறங்குபவர் பேருந்து நிறுத்தம்வரை நடந்து போகும் வழிதான் இன்னும் இணையவில்லை. நிலைய வளாகம் ரயில்வேக்கு, வெளியே உள்ள சாலை மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ, நடைபாதையை மறித்து நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துக்கு, நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தப்படும் இருசக்கர வாகனங்கள் போக்குவரத்துக் காவலுக்கு என்று பொறுப்பு சிதறிக் கிடப்பதால், நடப்பவரின் குறையைக் கேட்பதற்கென்று ஒரு துறையும் இல்லை. இவற்றை ஒருங்கிணைக்கத்தானே 2010-இல் தனிச் சட்டம் இயற்றி உங்கள் அமைப்பு உருவாக்கப்பட்டது?

சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடைமுறையில், வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்காக நடைபாதை அறுபட்டு, ஏறி இறங்கிச் சலித்த முதியவர்கள் வண்டிகளுக்கு நடுவே சாலையிலேயே நடக்கிறார்கள். பறக்கும் ரயில் தடத்தில் இன்னொரு சிக்கல்: நிலையங்கள் பல பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே இருப்பதால், பாலம் தள்ளியிருக்கும் இடங்களில் கண்ணெதிரே தெரியும் அக்கரைத் தெருவுக்குக்கூடச் சுற்றித்தான் போக வேண்டும்.

மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாலம் அந்த நெரிசலுக்குப் பொருத்தமானதே. ஆயினும் அதையே எல்லா நிலையங்களுக்கும் மாதிரியாகக் கொள்வது, சாலையை வாகனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மனிதர்களை மேலே ஏற்றுவதாகிவிடும். நடைபாதைச் சீரமைப்பு என்றதும் பூக்கடையையும் இட்லிக் கடையையும் அகற்றும் வழக்கமும் வேண்டாம். இரவு ரயிலில் வந்திறங்கும் பெண்களுக்கு அந்தக் கடைகளின் வெளிச்சமும் ஆள் நடமாட்டமுமே துணை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்கி, நடக்கும் அகலத்தையும் காக்க முடியும்.

ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி 500 மீட்டர் வரையுள்ள பகுதியை ஒரே திட்டமாகக் கொண்டு, அதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமியுங்கள். பறக்கும் ரயிலோடு மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களில் இரண்டு சந்திக்கவிருக்கும் திருமயிலையில் இதைத் தொடங்கலாம். மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகளை அங்கே மீண்டும் போடுவதற்கு முன், நடைபாதையின் வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரயில் பயணி ஒருவர்