முதலில் தராசு, அப்புறம் பிரஸ்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டிலேயே தோட்டா செய்யப் போகிறேன் என்று நீ அனுப்பிய பிரஸ், அதுதான் அந்த அழுத்து இயந்திரம், அதன் படத்தைப் பார்த்தேன். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் முழுத் தோட்டா ஒன்று வந்து விழும், தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். காரணத்தை வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ பாதிதான் படிப்பாய், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். சுட எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் க்யூசி லைனில், தரம் சோதிக்கிற வேலையில் உட்கார்ந்துதான் உன்னைப் படிக்க வைத்தேன். நீளம் அளக்கும் கேலிப்பரும், தராசும், உலோகத்தை அழுத்தி வடிவம் தரும் டை என்ற அச்சும் எனக்குச் சோறு போட்டவை. நீ கராஜில் செய்யப் போவதும் அந்த வேலைதான். சுட்ட பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் வைத்து, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டைச் செருக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை வேண்டிய வேலை இது.

நீ சொன்னது புரோகிரசிவ் பிரஸ். எல்லா வேலையும் ஒரே இழுப்பில் நடக்கும். பழகின கைக்கு அது சரி. புதுசாகத் தொடங்குகிறவனுக்கு, எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்று நின்று பார்க்க நேரம் கிடைக்காது. ஒரு நேரத்தில் ஒரே டை மாட்டும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கு. விலையும் குறைவு. பின்னால் பெரியது வாங்கினாலும் டைகள் வீணாகாது. பெரும்பாலான கம்பெனிகளின் டைகளுக்கு ஒரே மரைதான், 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் மாட்டும். இதைப் படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது, எங்கள் லைனில் அப்படி எதுவும் பொருந்தினதே இல்லை.

நீ சுடுவது .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா. அதில் ஒரு விஷயத்தைக் கவனி. அந்தத் தோட்டா 1898இல் வந்தது, அப்போது அதில் நிரப்பியது கறுப்பு மருந்து. அதற்குக் கூடு பெரிதாக வேண்டியிருந்தது. இன்றைய புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே போதும், மீதி இடம் சும்மா கிடக்கும். அதனால் தவறி இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, வெளியில் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்து.

இதற்கு நல்ல வழி லோடிங் பிளாக், துளை போட்ட ஒரு கட்டை, அவ்வளவுதான். மருந்து போடாத கூடெல்லாம் வாய் கவிழ்ந்து நிற்கட்டும். ஒன்றை எடு, மருந்து கொட்டு, வாய் மேலே பார்க்க வை. கட்டை நிறைந்ததும் டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பார். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ தெரிந்தால் யோசிக்காதே, கொட்டிவிட்டுத் திரும்ப அள. குண்டைச் செருகுவது அதற்கப்புறம்தான். கூட்டில் அதிக இடம் பிடிக்கிற மருந்தாகக் கடையில் கேட்டு வாங்கினால், இரட்டை அளவு சட்டென்று கண்ணில் படும்.

பிரஸ்ஸில் மிச்சமாகும் காசைத் தராசில் போடு. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. லிட்டில் இந்தியாவில் தாலிக்குத் தங்கம் நிறுக்கும்போது ஆசாரி ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசை வைத்தார் என்று இப்போது புரியும். எலக்ட்ரானிக் தராசு வாங்கினால் சூடேற நேரம் கொடு. ஒஹாயோ குளிரில் கராஜ் ஹீட்டரின் காற்று தட்டில் பட்டாலே எண் ஆடும். கைபேசியைப் பக்கத்தில் வைக்காதே. எந்தத் தராசானாலும் செக் வெயிட், அதாவது எடை சரியாகத் தெரிந்த சிறு கற்கள், ஒரு பெட்டி வாங்கி, உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்கும்போது ஒரு தடவை சரிபார்.

கிட் என்று மொத்தமாக விற்பதில் பெரும்பாலும் டையும், கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரும் இருக்காது, பார்த்து வாங்கு. டை கார்பைடு என்ற கடினமான உலோக வகையாக இருக்கட்டும், .38க்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம். கேலிப்பர் கட்டாயம். குண்டு ஆழமாக இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், அதனால் மொத்த நீளத்தை அளந்துகொண்டே இரு. கூடு வெட்டும் கருவிக்கு இப்போது அவசரமில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடாதே. எவ்வளவு மருந்து போடலாம் என்று சொல்லும் அளவுப் புத்தகம் குறைந்தது இரண்டு வேண்டும், புதுப் பதிப்பாக. ஃபேஸ்புக்கில் எவனோ சொன்ன அளவைப் போடாதே. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

பழைய பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. பாப்பா தவழும் வீடு. கூடுகளைத் தண்ணீர் ஊற்றிச் சுற்றும் டம்ளர் என்ற உருளை இயந்திரத்தில் கழுவு, தூசி பறக்காது. கை கழுவாமல் அவளைத் தூக்காதே.

கிரீன் கார்டு வந்த பிறகு தொடங்கினாயே, அது நிம்மதி. விசாவில் இருப்பவர்கள் தோட்டா வைத்திருக்க அமெரிக்காவில் பெரும்பாலும் அனுமதியில்லை. உனக்காகச் செய்துகொள், விற்காதே, விற்க லைசென்ஸ் வேண்டும்.

இங்கே மலேசியாவில் கதையே வேறு. லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 7 வருஷம் வரை சிறை உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரும்போது சாவிக்கொத்தில் ஒரு காலிக் கூடுகூடத் தொங்கக் கூடாது. சுடப் பழகும் ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் அந்தப் பச்சைப் பையையும் எடுத்து வராதே, மூலையில் ஒரு தோட்டா கிடந்தாலும் வம்பு. புதுப் பை வாங்கு, காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா