சூட்கேசில் பன்றி இறைச்சி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாரமலரில் வந்த ஸ்பகெட்டி கார்பொனாரா (முட்டையும் சீஸும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த இத்தாலியச் சாப்பாடு) செய்முறையைப் படித்தேன். எங்கள் மாவட்டத்தில் பன்றி இறைச்சி தொடாத வீடுகள்தான் அதிகம், அப்படியிருந்தும் துணிந்து போட்டிருக்கிறீர்கள், சந்தோசம். ரோமில் உணவகக் குசினிகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். குறிப்பில் எனக்கு இரண்டு இடம் இடறியது. ஒன்று கிறீம். அது நாக்குக்குச் செய்த குற்றம், மன்னித்துவிடலாம். மற்றது, இத்தாலியில் சொந்தக்காரர் இருந்தால் வரும்போது குவான்ச்சாலே கொண்டுவரச் சொல்லுங்கள் என்ற கடைசி வரி. அதைப் பார்த்துத்தான் பேனாவை எடுத்தேன்.

குவான்ச்சாலே என்பது பன்றியின் கன்னமும் தாடையும் சேர்ந்த துண்டு. உப்பும் மிளகும் பூசி, சில வாரம் தொங்கவிட்டு எடுப்பார்கள். வயிற்றுப் பகுதியில் செய்தால் பான்செட்டா. பின்னந்தொடையை உப்பில் போட்டு ஒரு வருடத்துக்கும் மேல் முதிரவிட்டால் புரோஷூட்டோ, அதை மெல்லிசாகச் சீவிப் பச்சையாகவே சாப்பிடுவது. அதைப்போய் அடுப்பில் வதக்கினால் உப்பும் விறைப்பும்தான் மிஞ்சும். சுப்பர் மார்க்கட் பேக்கனோ பெரும்பாலும் புகை போட்டது. சட்டிக்குள் போனதும் தண்ணீர் விட்டுப் பொரிவதற்குப் பதில் அவியும், முட்டையின் வாசனையைப் புகை மூடிவிடும்.

குவான்ச்சாலேயைச் சூடான தாச்சியில் போடக்கூடாது. ஒரு விரல் நீளத்துக்குத் தடிப்பாக வெட்டி, குளிர்ந்த தாச்சியில் எண்ணெய் விடாமல் பரப்பி, அப்புறம்தான் அடுப்பை மெல்லப் பற்றவைக்க வேண்டும். முதலில் ஓரங்கள் கண்ணாடி மாதிரி தெளியும், பிறகு கொழுப்பு உருகித் தாச்சியின் அடியை நிறைக்கும், அதிலேயே துண்டுகள் பொன்னிறமாகும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, அந்த நேரம் இறக்கிவிட வேண்டும். கறுத்தால் கசக்கும். உருகிய கொழுப்பில் ஸ்பகெட்டி அவித்த தண்ணீர் ஒரு கரண்டி, பிறகு ஸ்பகெட்டி. அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்தபின் மஞ்சள் கருவும் பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் சீஸும் கலந்த கலவையை ஊற்றிக் கிளற வேண்டும். மஞ்சள் கரு 65 பாகை சுற்றில் தடிக்கத் தொடங்கும். அதைத் தாண்டி ஏறவிட்டால் முட்டைப் பொரியல்தான். வழவழப்பு வருவது இந்தச் சூட்டுக் கணக்கால், அதனால்தான் கிறீமுக்கு வேலையில்லை என்கிறேன். இதில் முட்டை சேர்க்காவிட்டால் கிரீச்சா, அதில் தக்காளி சேர்த்தால் அமாத்ரிச்சானா. அந்தப் பெயருக்குக் காரணமான அமாத்ரிச்சே 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன மலையூர். அப்போது இந்த ஒரு சாப்பாட்டை விற்றே உணவகங்கள் அந்த ஊருக்குக் காசு சேர்த்தன.

சரி, சூட்கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, பன்றியைத்தான் கூண்டோடு அழிக்கும். அந்தக் கிருமி உப்பிட்ட இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வருடக்கணக்கில் முதிர்கிற தொடையில் காலப்போக்கில் செத்துவிடும், சில வாரமே தொங்கிய கன்னத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்குள் 1978இல் புகுந்த நோயை ஒழிக்க நாற்பது வருடத்துக்கும் மேல் பிடித்தது. 2022 ஜனவரியில் வடக்கே பியெமொந்தேயின் காட்டுப்பன்றிகளில் கண்டார்கள், அதே வருடம் மே மாதம் ரோம் நகரத்துக்குள்ளேயே கண்டார்கள். 2024 ஒக்டோபரில் எங்கள் இலங்கையிலும் உறுதியானது.

சமைத்தால் கிருமி செத்துவிடுமே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் குவான்ச்சாலேயின் தோலையும் மிளகு அப்பிய மேல்படையையும் சமைக்குமுன் சீவி எறிகிறோம். பச்சையாகவே வாளிக்குள் போகிறது. அந்த வாளி எங்கே போகிறது? குசினிக் கழிவை வாங்கிப்போய்ப் பன்றிக்கு வைப்பவர்கள் உண்டு, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தீனி விற்கிற விலைக்கு வேறு என்ன செய்வார்கள். மிச்சம் குப்பைமேட்டுக்குப் போனால் காட்டுப்பன்றி கிண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரரைக் கேட்டால் அவை எவ்வளவு தூரம் அலையும் என்று சொல்வார்கள். 2007இல் ஜோர்ஜியா நாட்டில் நோய் புகுந்ததும் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவால்தான் என்று கருதுகிறார்கள். நாலு பன்றியை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீட்டுக்கு எங்கள் ஒரு தட்டுச் சாப்பாட்டால் இந்தக் கதி வேண்டுமா? அதோடு, அனுமதியில்லாமல் இறைச்சியை நாட்டுக்குள் கொண்டுவருவதே சட்டப்படி பிழை.

ஆசைப்படுகிறவர்கள் இறைச்சிக்கடையில் சொல்லிவைத்துப் பன்றியின் தாடைத் துண்டை வாங்குங்கள். தலையோடு சேர்த்து மலிவாகத் தருவார்கள். ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, இடித்த மிளகு தாராளமாக, ஒரு பல் உள்ளி. பூசி மூடி, பிரிஜ்ஜின் அடித்தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்து, துடைத்துவிட்டு வெட்டி, நன்றாக வேகும்வரை மேலே சொன்னபடி உருக்குங்கள். குவான்ச்சாலேயின் அந்த முதிர்ந்த மணம் வராது, கொழுப்பின் இனிப்பு வரும். தயவுசெய்து முற்றத்தில் கட்டித் தொங்கவிடாதீர்கள். மீனைக் காயவைக்கிற வெயில் வேறு, இதற்கு வேண்டிய 12, 15 பாகைக் குளிர் வேறு. எங்கள் வாவிக்கரைப் புழுக்கத்தில் முதிர்வதற்கு முன் அழுகிவிடும்.

வருகிற ஞாயிறு சமையல் பகுதியில் அந்தக் கடைசி வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் கிறீமையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சமையற்காரன்,
தாண்டவன்வெளி, மட்டக்களப்பு.